பங்கரா, கேப்டன் சேலஞ்சா: ரக்பி லீக் ரசிகனின் வயிற்றெரிச்சல்

2017 நவம்பர் 25. ஆக்லாந்தின் மவுண்ட் ஸ்மார்ட் மைதானம் முழுக்க டோங்காவின் சிவப்புச் சட்டை. ரக்பி லீக் உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து 20-0 என்று நிம்மதியாக இருந்தது. முடிய சில நிமிடங்களே இருக்கும்போது டோங்கா மளமளவென்று மூன்று டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அமுக்குவது) அடித்து 20-18க்கு வந்து நின்றது. கடைசி நொடிகளில் டோங்காவின் ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா பந்தை இடுக்கிக்கொண்டு கோட்டை நோக்கிப் பாய்கிறார். இங்கிலாந்தின் எலியட் வைட்ஹெட் பின்னாலிருந்து கையைப் போடுகிறார், பந்து நழுவுகிறது. நடுவர் மேட் செச்சின் விசில் ஊதினார்: நாக்-ஆன், அதாவது பந்து கையிலிருந்து முன்னால் நழுவிய பிழை. ஆட்டம் முடிந்தது. அந்தப் போட்டிக்கு வீடியோ நடுவர் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

பந்தை உருவியது வைட்ஹெட்டின் கையா, ஃபிஃபிட்டாவே தவறவிட்டாரா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். என் கண்ணுக்கு அது நாக்-ஆன்தான். ஆனால் டோங்கா ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் மனுவில் கையெழுத்துப் போட்டதும் தீர்ப்புக்காக மட்டுமில்லை. "ஒரு தடவை பார்த்திருக்கலாமே" என்பதுதான் அவர்கள் கேட்டது. செச்சினுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அந்த மாதிரி வசவுகளைக் காரணம் சொல்லி 2018ல் அவர் என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் தொடர்) நடுவர் வேலையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதை எந்த ரசிகனின் கோபமும் நியாயப்படுத்தாது.

தீர்ப்புச் சொல்ல நாலு முறை உண்டு: மைதான நடுவர் மட்டும், லைவ் கால், பங்கர் என்ற வீடியோ அறை, கேப்டன் சேலஞ்ச். அதனால் இந்த அலசலில் எந்த முறை அதிகத் தீர்ப்புகளைச் சரியாகக் கொடுக்கிறது என்று நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை. எந்த முறையில் ரசிகன் குறைவாக எரிச்சல் அடைகிறான் என்று மட்டும் பார்ப்போம். இரண்டும் ஒன்றல்ல.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வரி. 1895ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி, ரக்பி யூனியனிலிருந்து பிரிந்துபோன ஆட்டம் இது. ஒரு பக்கம் 13 பேர், ஆறு டேக்கிளுக்குள் (பந்து வைத்திருப்பவரை எதிரணி பிடித்து மடக்குவது) தாக்குதல் முடிய வேண்டும், ஒரு டிரைக்கு 4 புள்ளி. இங்கிலாந்தின் வடக்கு, ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து, அப்புறம் பப்புவா நியூ கினி, இவைதான் இதன் சொந்த ஊர்கள். நான் இருக்கும் மேற்கு சிட்னியில் பாரமட்டா ஈல்ஸ்தான் உள்ளூர் அணி. அவர்கள் கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது 1986ல். அத்தனைக்கும் நடுவரையே குறை சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

மைதானத்தில் இருப்பவர்களே போதும் என்ற கட்சி

"வீடியோவே வேண்டாம், நடுவர் சொன்னால் சொன்னதுதான்" என்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். என்ஆர்எல் இதற்கு ஒரு நடுவழி கண்டுபிடித்தது. 2009லிருந்து மைதானத்தில் இரண்டு நடுவர்கள். ஒருவர் டேக்கிள் நடக்கும் இடத்தைப் பார்க்க, மற்றவர் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் தடுப்பு வரிசையைப் பார்க்க வேண்டும். நாலு கண் இருந்தால் பிழை குறையும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு உடைந்தது 2019 இறுதிப் போட்டியில். ரூஸ்டர்ஸும் கான்பரா ரெய்டர்ஸும் 8-8. பத்து நிமிடம்கூட மிச்சமில்லை. உயரே போன பந்து கை மாறித் தட்டுப்பட, நடுவர் பென் கம்மின்ஸ் கையைத் தூக்கி ஆட்டினார். மறுபடி ஆறு டேக்கிள் என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு ஜாக் வைட்டன் நிதானமாகப் பந்தோடு டேக்கிளில் மாட்டிக்கொண்டார். அதற்குள் கம்மின்ஸ் மனதை மாற்றி, இது கடைசி டேக்கிள் என்று கையைத் திருப்பிக் காட்டியிருந்தார். வைட்டன் அதைப் பார்க்கவில்லை. பந்து ரூஸ்டர்ஸுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ஜேம்ஸ் டெடெஸ்கோ டிரை. முடிவு 14-8.

விதிப்படி கடைசியில் எடுத்த முடிவு சரி என்று என்ஆர்எல் பிறகு சொன்னது. சரிதான். ஆனால் கையைப் பார்த்து ஆடியவன் ஏமாந்தான். கான்பரா ரசிகரிடம் இன்றைக்கும் ஒரு கையைத் தூக்கி ஆட்டிக் காட்டுங்கள், மீதியை அவரே சொல்வார். அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் கான்பரா தடுத்த உதை, எதிரணியின் உதவியாளர் மேல் பட்டு நின்றது, ஸ்க்ரம் (இரு அணியும் தோள்கோர்த்து ஆட்டத்தை மறுபடி தொடங்குவது) ரூஸ்டர்ஸுக்குப் போனது, அங்கிருந்து டிரை வந்தது என்பது தனிக்கதை. இரண்டிலும் வீடியோ ஒன்றும் செய்திருக்க முடியாது.

2020ல் கொரோனா இடைவேளைக்குப் பிறகு இரண்டாவது நடுவரை எடுத்துவிட்டார்கள். நடுவர்கள் சங்கம் வழக்குவரை போனது. ரசிகர்கள் யாரும் பெரிதாகக் கண்ணீர் விட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

இங்கிலாந்து வழி: முதலில் சொல், பிறகு கேள்

இங்கிலாந்தின் முதன்மைத் தொடரான சூப்பர் லீக்கில் நடுவர் விரல்களால் காற்றில் ஒரு சதுரம் வரைவார், வீடியோ நடுவரைக் கேட்கிறேன் என்று அர்த்தம். கூடவே "டிரை" அல்லது "டிரை இல்லை" என்று தன் முடிவையும் சொல்வார். இதுதான் லைவ் கால். அதை மாற்ற வீடியோ நடுவருக்குத் தெளிவான ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் முதலில் சொன்னதே நிற்கும். ஆஸ்திரேலியாவிலும் 2013லிருந்து இதே தத்துவம். அதற்கு முன்னால் சந்தேகத்தின் பலன் தாக்கும் அணிக்கு என்று இருந்தது.

இதன் நல்லதும் கெட்டதும் ஒரே ராத்திரியில் தெரிந்தது 2024 பிப்ரவரியில், இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் உலக கிளப் சேலஞ்சில், விகனில். விகன் 16, பென்ரித் 12. விகனின் ஜேக் வார்டல் கோட்டைத் தொட்டாரா, கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டாரா என்று எந்தக் கோணத்திலும் பளிச்சென்று தெரியவில்லை. நடுவர் டிரை என்று அனுப்பியிருந்தார், டிரை ஆனது. ஆட்டத்தின் கடைசியில் பென்ரித்தின் டெய்லன் மே கோட்டைத் தாண்டினார், பந்து தரையைத் தொட்டதா என்பது கேள்வி. நடுவர் இல்லை என்று அனுப்பினார், இல்லை என்றே ஆனது. ஆக, தீர்ப்பு சொன்னது கேமரா இல்லை. அடுக்கிக் கிடந்த உடம்புகளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நடுவர் போட்ட முதல் ஊகம்தான்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் கிரிக்கெட் ஆள். அவர் என்னோடு இதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, தெரியேல்ல எண்டுதானே மேல கேக்கிறார்? பிறகு ஏன் முதல்ல முடிவு சொல்லுறார்?" நியாயமான கேள்வி. கிரிக்கெட்டிலும் கேட்ச்களுக்கு 'சாஃப்ட் சிக்னல்' என்று இதே வேலை இருந்தது. 2023 ஜூனில் ஐசிசி அதைத் தூக்கிவிட்டது. ரக்பி லீக் அதன் பிறகும் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் இங்கே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏழெட்டு உடம்புகளுக்கு அடியில் பந்து இருக்கும்போது எந்தக் கேமராவுக்கும் அது தெரியாது. பக்கத்தில் நிற்பவர் ஊகமாவது இருக்கட்டும் என்பதுதான்.

இங்கிலாந்து ரசிகரின் பெரிய ஆத்திரம் வேறு. பல வருடங்கள் தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களுக்கு மட்டும்தான் வீடியோ நடுவர். ஒரே வார இறுதியில், ஒரே லீக்கில், வியாழக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு நீதி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு நீதி. 2024ல் எல்லா ஆட்டங்களையும் ஒளிபரப்பத் தொடங்கிய பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது.

வீடியோ வேண்டாம் என்பவர்களுக்கு 2020 சூப்பர் லீக் இறுதிப் போட்டியைக் காட்டுவேன். விகனும் செயின்ட் ஹெலன்ஸும் 4-4, ஆட்ட நேரம் முடிந்த சைரன் அடித்தாயிற்று. டாமி மேக்கின்சன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வர, ஜாக் வெல்ஸ்பி பாய்ந்து அமுக்கினார். வீடியோ நடுவர் பார்த்துச் சொன்னார், 8-4. வீடியோ இல்லாமல் அந்த டிரையைக் கொடுத்திருந்தாலும் மறுத்திருந்தாலும், ஒரு ஊர் இன்றுவரை தூங்கியிருக்காது.

பங்கர்: அழைக்காமலே வரும் விருந்தாளி

என்ஆர்எல் 2016ல் பங்கரைத் திறந்தது. அதுவரை வீடியோ நடுவர்கள் அந்தந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது சிட்னி எவ்லியில் ஒரே அறை, சுவர் நிறையத் திரைகள், எல்லா ஆட்டங்களின் காட்சியும் அங்கே வந்து சேர்கிறது. அமெரிக்க லீக்குகளைப் பார்த்து எடுத்த யோசனை. வேகமும் சீரான தீர்ப்பும் கிடைக்கும் என்றார்கள்.

வேகம் ஓரளவு வந்தது. 2021லிருந்து நடுவர் டிரை என்று நினைத்தால் கொடுத்துவிடுகிறார். டிரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக உதைப்பவர் பந்தை வைத்துக் குறிபார்க்கும் இடைவெளியில் பங்கர் பின்னணியில் சரிபார்க்கிறது. காத்திருப்பு குறைந்தது உண்மை. ஆனால் மைதானத்தில் உட்கார்ந்து பாருங்கள். நம் ஆள் மூலையில் பாய்கிறார், எல்லோரும் எழுந்து கத்துகிறோம், அப்புறம் ஒரு கண் பெரிய திரைமேல். போன சீசனில் பக்கத்திலிருந்த என் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இப்பக் கத்தலாமா, இன்னும் இருக்கா?" என்றாள். "கொஞ்சம் பொறு, உதைக்கட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்கிறேன் என்று உறைத்தது.

அடுத்தது மெது ஓட்டம் (ஸ்லோ மோஷன்). அதில் விசை தெரியாது. விரல் பந்தின்மேல் இருக்கிறது, பந்து அரை அங்குலம் விலகுகிறது, மறுபடி ஒட்டுகிறது. முன்னால், பின்னால், மறுபடி முன்னால். இயல்பான வேகத்தில் யாருமே சந்தேகப்படாத டிரை, பத்தாவது தடவை ஓட்டும்போது குற்றம் செய்த முகத்தோடு நிற்கிறது. அறையில் இருப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். தேடச் சொல்லி உட்கார வைத்தால் மனிதன் தேடுவான்.

எனக்கு இதில் பொறுக்காதது ஒன்றுதான்: முறையற்ற ஆட்டம் என்றால் பங்கர் தானாகவே குறுக்கிடலாம். கழுத்தில் கை பட்டது, நடுவர் பார்க்கவில்லை, ஆட்டம் இரண்டு டேக்கிள் தாண்டிப் போய்விட்டது, திடீரென்று நிறுத்தி பெனால்டி. தலைக்காயம் விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் வீரர்கள் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். லேசாகப் பட்டாலும் எழுந்திருக்காமல் படுத்துக்கிடந்தால் அறையிலிருக்கும் கண் நம் பக்கம் திரும்பும் என்று தெரிந்துவிட்டது. எலும்பு நொறுங்க மோதிவிட்டுத் துள்ளி எழுவதைப் பெருமையாக நினைத்த ஆட்டத்தில் இதைப் பார்ப்பது கொடுமை.

கேப்டன் சேலஞ்ச்: கேள்வி ஆடுகிறவனுடையது

என்ஆர்எல்லில் இது 2020ல் வந்தது. நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்திய தீர்ப்பை, பத்து நொடிக்குள் கேப்டன் எதிர்க்கலாம். ஜெயித்தால் சேலஞ்ச் கையில் இருக்கும், தோற்றால் போயிற்று. தெளிவில்லை என்றால் நடுவர் தீர்ப்பு நிற்கும், சேலஞ்சும் மிஞ்சும். கிரிக்கெட்டில் டிஆர்எஸ் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

என் ஓட்டு இதற்குத்தான். காரணம் எளிது. தோற்றுப்போன சேலஞ்சுக்கு ரசிகன் நடுவரைத் திட்டுவதில்லை, "உனக்கு எதுக்கய்யா இப்ப அவசரம்" என்று தன் கேப்டனையே திட்டுகிறான். கோபம் வீட்டுக்குள் போய்விடுகிறது. 12வது நிமிடத்தில் ஒன்றுமில்லாத நாக்-ஆனுக்கு வீணாக்கிவிட்டுக் கடைசியில் கையைப் பிசைந்தால், அது நம் பிழை.

அதற்காக இது மாசற்றது என்றும் சொல்ல வரவில்லை. 2022 ஜூலை, டவுன்ஸ்வில். வெஸ்ட்ஸ் டைகர்ஸ் 26-25 என்று முன்னிலை. கௌபாய்ஸ் ஆட்டத்தைத் தொடங்கி உதைத்த பந்தை டைகர்ஸ் பிடித்தாயிற்று, ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கௌபாய்ஸ் கேப்டன் சேலஞ்ச் கேட்டார். பந்தை நோக்கி ஓடிய கைல் ஃபெல்டைத் தடுத்தார்கள் என்று பங்கர் பெனால்டி கொடுத்தது. வாலன்டைன் ஹோம்ஸ் உதைத்தார், 27-26. நடுவர் எந்தத் தீர்ப்பும் சொல்லாதபோது எதை எதிர்த்துச் சேலஞ்ச் என்று டைகர்ஸ் கொதித்தது. பெனால்டி கொடுத்தது தவறு என்று என்ஆர்எல் பிறகு ஒப்புக்கொண்டது. புள்ளிகள் மட்டும் திரும்பி வரவில்லை.

இந்தக் கதையைச் சேலஞ்சுக்கு எதிராகச் சொல்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கேட்டவர் கேட்டார், சொதப்பியது பதில் சொன்ன அறை.

ஃபிஃபிட்டாவின் பாய்ச்சலை இந்த நாலு முறையிலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நடுவர் மட்டும் என்றால் அன்று நடந்ததேதான். லைவ் கால் என்றால் செச்சின் சதுரம் வரைந்து "டிரை இல்லை" என்று அனுப்பியிருப்பார், பெரும்பாலும் அதுவே நின்றிருக்கும். பங்கர் என்றால் மூன்று நிமிடம் வைட்ஹெட்டின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். சேலஞ்ச் என்றால் டோங்கா கேப்டன் கையைக் காட்டியிருப்பார். அநேகமாக நாலிலும் இங்கிலாந்துதான் இறுதிக்குப் போயிருக்கும். கடைசி முறையில் மட்டும் சிவப்புச் சட்டைக்காரர்கள் கேட்டுவிட்டுத் தோற்றிருப்பார்கள்.

இத்தனை திரைகளும் சேலஞ்சும் இருந்தும், முன்னோக்கிப் போன, அதனால் விதிமீறலான பாஸை என்ஆர்எல்லில் வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓடிக்கொண்டே பின்னால் வீசிய பந்தும், ஓடுகிறவனின் வேகத்தில் தரையை வைத்துப் பார்த்தால் முன்னால் நகரும். கேமரா சற்றே சாய்ந்திருந்தால் படம் பொய் சொல்லும். அதனால் அது இன்னும் மைதானத்தில் நிற்பவர்களின் கண்ணுக்கே விட்டது. சனிக்கிழமை போனால் கேட்கலாம், மூவாயிரம் பேர் ஒரே குரலில் "ஃபார்வர்ட்!" என்று கத்துவார்கள். பாதி நேரம் அது ஃபார்வர்ட் இல்லை. நானும் கத்துவேன்.