32 விநாடியில் அறுந்துபோகும் அழைப்புக்கு 3 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்தேன்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. இரவு கண்ணை மூட முடியவில்லை. அலுவலகத்துப் பழைய பி.பி.எக்ஸ். அமைப்பை (அலுவலகத் தொலைபேசிகளைத் தங்களுக்குள்ளும் வெளியோடும் இணைக்கும் சிறு எக்ஸ்சேஞ்ச்) இணையவழித் தொடர்புச் செயலியோடு இணைக்க நினைப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பி.பி.எக்ஸ். பல ஆண்டுகளாக ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. ஒரே இ1 இணைப்பில், அதாவது தொலைபேசி நிறுவனம் தரும் ஒரே டிஜிட்டல் இணைப்பில், 30 பேர் ஒரே சமயத்தில் வெளியே பேசலாம். எங்கள் எண் வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடம். ஊழியர்களில் பாதிப்பேர் இப்போது வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். அவர்கள் செயலியில் பேசினாலும் அழைப்பு அலுவலக எண்ணிலிருந்து போக வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். இந்த வேலையை மட்டுமே செய்வதாக விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தை வரவழைத்தேன்.

முன்பு வந்த இரண்டு பேரும் பழையதைக் கழற்றிப் போடச் சொன்னார்கள். இந்த நிறுவனத்திலிருந்து வந்தவரோ பி.பி.எக்ஸ். அலமாரியைத் திறந்தார், அட்டைகளின் மேல் படிந்திருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். "நல்ல இயந்திரம் சார், இதை ஏன் தூக்கிப் போட வேண்டும்?" என்றார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். பிறகு மடிக்கணினியில் செயலியைத் திறந்து வைத்துவிட்டு, என் மேசைத் தொலைபேசியை எடுத்து மளமளவென்று எண்களை அழுத்தினார். மடிக்கணினியில் மணி அடித்தது. "பேசிப் பாருங்கள் சார்." பேசினேன். குரல் கணீரென்று கேட்டது. "பார்த்தீர்களா, உங்கள் பி.பி.எக்ஸ். செயலியோடு பேசிவிட்டது" என்றார். அன்று மாலையே முழுத் தொகையையும் அனுப்பினேன். 3 லட்சத்து 40 ஆயிரம்.

பி.பி.எக்ஸையும் செயலியையும் இணைக்கும் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போன மறுநாளே தொல்லை தொடங்கியது. ஊழியர்கள் செயலியிலிருந்து அழைத்தால் எதிர்முனையில் எடுக்கிறார்கள். "ஹலோ, ஹலோ" என்று அவர்கள் கத்துவது எங்களுக்குக் கேட்கிறது, எங்கள் குரல் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சற்று நேரத்தில் அழைப்பே அறுந்துவிடுகிறது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 32 விநாடி. மறுபடியும் 32. பத்து முறை பார்த்தேன், பத்து முறையும் அதேதான்.

அவர்களைக் கூப்பிட்டால் முதலில் "உங்கள் இணைய வேகம் போதாது" என்றார்கள். காசு கொடுத்து வேகத்தைக் கூட்டினேன், ஒன்றும் மாறவில்லை. அடுத்து "செயலி நிறுவனத்திடம் கேளுங்கள்" என்றார்கள். அங்கே கேட்டால், இணைத்துக் கொடுத்தவரிடமே கேட்கச் சொன்னார்கள். மூன்றாவது முறை, "பி.பி.எக்ஸ். மிகவும் பழசு சார், நாங்கள் என்ன செய்ய முடியும்?" கைக்குட்டையால் தூசி துடைத்த அதே மனிதர்! அதன்பின் அவர் என் அழைப்பை எடுப்பதில்லை.

நேற்று வேறொரு தொழில்நுட்பரை அழைத்துவந்தேன். பத்தே நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். இணையவழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் சிப் நெறிமுறையில், அழைப்பை ஏற்ற முனை "எடுத்துவிட்டேன்" என்று செய்தி அனுப்பிவிட்டு, "சரி" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, அரை விநாடியின் 64 மடங்கில், அதாவது 32 விநாடியில், அழைப்பைத் துண்டித்துவிடும். 2002இல் வெளியான விதியிலேயே இது இருக்கிறது. செயலியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கும் எங்கள் பெட்டி தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் உள் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து அந்த முகவரிக்கு எதுவும் வந்துசேராது. பதிலும் வரவில்லை, ஊழியரின் குரலும் வரவில்லை. இதைச் சரிசெய்யத்தான், அலுவலக வலையமைப்புக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் எஸ்.பி.சி. என்னும் எல்லைக் கருவி வேண்டும். விலைப்புள்ளியில் அந்தப் பெயர் இருக்கிறது. அலமாரியில் இருப்பது தொலைபேசி அழைப்பை இணைய அழைப்பாக மாற்றும் சாதாரண கேட்வே.

வயிற்றெரிச்சல் இத்தோடு முடியவில்லை. பி.பி.எக்ஸ். அழைப்புப் பதிவுகளை அச்செடுத்துப் பார்த்தோம். செயல்விளக்கம் காட்டிய நாளில், அந்த நேரத்தில், என் மேசையிலிருந்து ஒரு வெளி அழைப்பு போயிருக்கிறது. ஒரு நிமிடம் 10 விநாடி. செயல்விளக்கம் காட்டியவர் தன் செயலிக் கணக்கில் சொந்தமாக வைத்திருந்த எண்ணுக்கு, ஊரார் எல்லோரும் பேசுவதுபோலச் சாதாரண வெளி இணைப்பில் பேச வைத்திருக்கிறார். இணைப்பு என்று எதுவுமே அன்று இல்லை. நான் பேசிய அந்த அழைப்புக்கான கட்டணமும் என் கணக்கில்தான். இதை நம்பித்தான் 3 லட்சத்து 40 ஆயிரத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

விரிவாக எழுதும் நிலையில் இல்லை, மன்னியுங்கள். செயல்விளக்கத்தில் எண்களை நீங்களே அழுத்துங்கள். வெளி எண்ணாக இருக்கக் கூடாது, உள் எண்ணாக இருக்க வேண்டும். செயலியிலிருந்து வெளியே ஓர் அழைப்பு, வெளியிலிருந்து செயலிக்கு ஓர் அழைப்பு, இரண்டையும் ஐந்து நிமிடமாவது பேசிப் பாருங்கள். பெட்டியின் மாதிரி எண்ணை விலைப்புள்ளியோடு ஒப்பிடுங்கள். ஃபேக்ஸ், லிஃப்ட் தொலைபேசி, அவசர எண்கள் என்னவாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

அந்தக் கேட்வேயின் நிர்வாகப் பக்கம் தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லோடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது என்றும் நேற்று வந்த தொழில்நுட்பர் காட்டினார். உள்ளே புகுந்தால் எவனும் எங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசலாம். அதன் கம்பியைப் பிடுங்கப் போகிறேன்.