ரொமான்ஸ் கேம் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டீம் ரீஃபண்டோட ரெண்டு மணி நேர கணக்கை புரிஞ்சுக்கோங்க மக்களே

பிசில ரொமான்ஸ் கேம், டேட்டிங் சிம், விஷுவல் நாவல் (படமும் வசனமுமா ஓடுற, நடுவுல நாம பதில் தேர்ந்தெடுக்குற கதை கேம்) இதெல்லாம் தேடி விளையாடுறவங்களுக்கு இந்த பதிவு. முழு கேம்னு சொல்லி வித்தாங்க, முழு விலை குடுத்து வாங்கினேன், உள்ள பாதி தான் இருந்துச்சு, காசும் திரும்ப வரல. காசு போனது ஒரு பக்கம், மனசு ஒட்டி விளையாடிட்டு இருந்த கதையை நடுவுல அப்படியே அறுத்து விட்டாங்களே, அந்த கோவம் தான் இன்னும் அடங்கல. கேம் பேரை போடல. இதே வேலையை பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க, ஒரு பேரை சொன்னா அதை மட்டும் விட்டுட்டு அடுத்ததுல போய் மாட்டுவீங்க, எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சுகிட்டா எல்லாத்துக்கும் ஆகும்.

ஸ்டீம்ல, அதாவது பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடைல, அந்த கேமோட ஸ்டோர் பேஜ்ல போட்டிருந்தது இது தான்: ஆறு பேரை காதலிக்கலாம், ஒவ்வொருத்தருக்கும் தனி ரூட் (அவங்களோட தனி கதைப்பாதை), தனி முடிவு, நம்ம பதிலுக்கு ஏத்த மாதிரி கதை மாறும். எர்லி ஆக்சஸ், அதாவது இன்னும் முடிக்காத கேம்னு எங்கயும் ஒரு வார்த்தை இல்ல, சாதாரண முழு ரிலீஸ். ராத்திரி ஷிஃப்ட் ஓடுற ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல புதுசா வேலைக்கு சேர்றோம், கூட வேலை பாக்குறவங்க, தினமும் போன் பண்ற நேயர்கள்னு ஆறு பேர் பழக்கம் ஆகுறாங்க. ஓவியம் அருமை, இசை அருமை, ஆரம்ப எழுத்தும் நிஜமாவே நல்லா இருந்துச்சு, அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த சவுண்ட் இன்ஜினியர் கேரக்டர், அதிகம் பேச மாட்டார், ஆனா நாம முன்னாடி சொன்னதை ஞாபகம் வச்சு வேற ஒரு இடத்துல திருப்பி கேப்பார், அந்த மாதிரி எழுதுறது லேசுப்பட்ட வேலை இல்ல. அதனால தான் அவர் ரூட்டை எடுத்தேன்.

நாலாவது அத்தியாயத்துல அவர் ஏன் முன்னாடி இருந்த வேலையை விட்டார்னு சொல்ல வாயெடுக்கிறார், ஸ்க்ரீன் கருப்பாகுது, "தொடரும்"னு ஒரு கார்டு, அடுத்து மெயின் மெனு. அவ்ளோ தான். சேவ் கெட்டுப்போச்சோன்னு நினைச்சு பழைய சேவ்ல இருந்து வேற பதில் குடுத்து பாத்தேன், அதே இடம், அதே கார்டு. மத்தவங்க ரூட் எல்லாம் போய் பாத்தா ரெண்டு பேருக்கு மட்டும் தான் முடிவுன்னு ஒன்னு இருக்கு, மிச்ச மூணு பேருக்கு ரூட்டே இல்ல, அவங்ககிட்ட எவ்ளோ அன்பா பேசினாலும் கடைசில அந்த ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பக்கம் கொண்டு போய் விட்டுடுது. ஆறுன்னு போட்டுட்டு ரெண்டு.

இதுக்கு மேல ஒன்னு பண்ணாங்க பாருங்க. கொஞ்ச நாள்ல "ஸ்டோரி பேக்"னு ஒரு டிஎல்சி (கேமுக்கு மேல தனியா விக்கிற கூடுதல் பகுதி) வந்துச்சு, அந்த சவுண்ட் இன்ஜினியர் கதை முழுசா வருதுன்னு விளம்பரம். ஏற்கனவே காசு வாங்கிட்டு குடுக்க வேண்டியதை தனியா விக்கிறது. சரி கதை முடிஞ்சா போதும்னு வாங்கினா, ஒரே ஒரு சின்ன அத்தியாயம், முன்னாடி இருந்த வாய்ஸ் ஆக்டிங் இல்ல, புது படம் ஒன்னு கூட இல்ல, முடிவுல திரும்பவும் "தொடரும்".

ரீஃபண்ட் கேட்டப்போ தான் இந்த வியாபாரத்தோட சூட்சுமம் புரிஞ்சுது. ஸ்டீம்ல விதி என்னன்னா, வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கு கம்மியா விளையாடியிருந்தா எந்த காரணம் சொன்னாலும் காசு திரும்ப குடுப்பாங்க. டிஎல்சிக்கும் 14 நாள் தான், ஆனா டிஎல்சி வாங்கினதுக்கு அப்புறம் மெயின் கேமை எவ்ளோ நேரம் விளையாடினோம்னு தான் பாப்பாங்க, அதுவும் 2 மணி நேரத்துக்குள்ள இருக்கணும். அந்த ஸ்டோரி பேக் அதை விட சின்னதா இருந்ததால அதோட காசு வந்துடுச்சு. மெயின் கேமுக்கு வரல. விதிக்கு வெளிய இருந்தாலும் கேட்டு பாக்கலாம்னு ஸ்டீமே சொல்லுது, அதனால ஸ்டோர் பேஜ்ல போட்ட வாக்கியம், அந்த "தொடரும்" கார்டு ரெண்டையும் விளக்கி திரும்ப எழுதினேன், விளையாடின நேரம் அதிகம்னு அதே பதில். டெவலப்பருக்கு அனுப்பின மெயிலுக்கு பதிலே இல்ல. ஸ்டீம்ல அந்த கேமோட டிஸ்கஷன் பகுதில மரியாதையா தான் கேட்டேன், மிச்ச ரூட் எப்போ வரும்னு. யாரும் பதில் போட முடியாதபடி த்ரெட்டை லாக் பண்ணிட்டாங்க.

இப்போ யோசிச்சு பாருங்க. ஷூட்டிங் கேம்னா பத்து நிமிஷத்துல கண்ட்ரோல் சரியில்ல, படம் திக்கி திக்கி ஓடுதுன்னு தெரிஞ்சுடும், திருப்பி குடுத்துடலாம். ரொமான்ஸ் கேம் அப்படி இல்ல. முதல்ல காமன் ரூட் ஓடும், எல்லா கேரக்டரையும் அறிமுகப்படுத்துற பகுதி, அதுவே ரெண்டு மூணு மணி நேரம் போகும். இருக்கிற நல்ல ஓவியம், நல்ல இசை, நல்ல வசனம் எல்லாத்தையும் அங்க கொட்டிடலாம். நாம ஒருத்தரை தேர்ந்தெடுத்து அவங்க ரூட்டுக்குள்ள கால் வைக்கும்போது ரீஃபண்ட் நேரம் தாண்டியிருக்கும். ஏமாத்துறது எல்லாமே அதுக்கு அப்புறம் தான் ஆரம்பிக்கும். மத்த எந்த வகை கேமுக்கும் இந்த விதி இவ்ளோ மோசமா பொருந்தாதுன்னு நினைக்கிறேன். ரிவியூவும் அதே கதை தான், ஒரு மணி நேரம் விளையாடிட்டு "ஆர்ட் செம, கேரக்டர் செம"ன்னு தம்ஸ் அப் போட்டவங்க தான் மேல நிப்பாங்க, அவங்க பொய் சொல்லல, அவங்க பாத்தது நல்லா தான் இருந்துச்சு.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி நான் இப்போ முதல்ல பாக்குறது அச்சீவ்மென்ட் லிஸ்ட், கேம்ல ஒரு கட்டத்தை தாண்டினா கிடைக்கிற பதக்கம் மாதிரி. இதை தயவுசெஞ்சு பழக்கமாக்கிக்கோங்க. கேமை வாங்காமலே உலகம் முழுக்க எத்தனை சதவீதம் பேர் எந்த அச்சீவ்மென்ட் எடுத்திருக்காங்கன்னு ஸ்டீம்ல பாக்கலாம். டேட்டிங் சிம்ல பெரும்பாலும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு அச்சீவ்மென்ட் வைப்பாங்க. ரெண்டு முடிவுக்கு இருபது சதவீதம், மிச்ச நாலுக்கு பூஜ்யம்னு இருந்தா, அதுவும் கேம் வந்து பல மாசம் ஆகியும் அப்படியே இருந்தா, அந்த நாலும் கேம்ல இல்லன்னு தான் அர்த்தம். நேத்து வந்த கேமுக்கு இந்த கணக்கு செல்லாது. நான் வாங்கின கேம்ல அச்சீவ்மென்டே வைக்கல. அதுவே இப்போ எனக்கு ஒரு சந்தேகக் குறி, ஆனா சின்ன டீம் நல்ல மனசோட பண்ற கேம்லயும் சில சமயம் இருக்காது, அதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்தது ரிவியூவை விளையாடின நேரத்தை வச்சு ஃபில்டர் பண்ணுங்க, அந்த வசதி ஸ்டீம்லயே இருக்கு. நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல விளையாடினவங்க எழுதினதை மட்டும் படிங்க, அதுலயும் நெகட்டிவை முதல்ல. "முடிவு இல்ல", "ரூட் பாதில நிக்குது", "எதை தேர்ந்தெடுத்தாலும் ஒன்னு தான்" இந்த மூணுல ஏதாவது ஒன்னை ரெண்டு மூணு பேர் தனித்தனியா சொல்லியிருந்தா அந்த பக்கத்தை மூடிடுங்க.

மூணாவது, வாங்கின பிறகு செய்ய வேண்டியது. விஷுவல் நாவல்ல நிறைய ரென்பை (Ren'Py)ங்கிற கேம் பண்ற சாஃப்ட்வேர்ல பண்றது தான், அதுல ஸ்கிப் வசதி இருக்கும், செட்டிங்ஸ்ல படிக்காத வசனத்தையும் ஸ்கிப் பண்ற ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு கன்ட்ரோல் பட்டனை அழுத்தி பிடிச்சா கடகடன்னு ஓடும். படிக்காம ஓட்டுறது பாவம் தான், கதை கொஞ்சம் முன்கூட்டியே தெரிஞ்சும் போகும், ஆனா ஒரு ரூட்டாவது கடைசி வரைக்கும் போகுதான்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும். ரீஃபண்ட் நேரத்துக்குள்ள இதை பண்ணிட்டு, அப்புறம் முதல்ல இருந்து நிதானமா படிங்க. வசனம் வேகமா ஓடும்போது கதை தெரியாம இருக்க கண்ணை பாதி மூடிக்கலாம், காசு பாதுகாப்பா இருக்கும்.

கேம்ல பூட்டி வச்ச பகுதி எல்லாமே ஏமாத்துறதுன்னும் நினைச்சுடாதீங்க, இதையும் சொல்லணும். 2004ல வந்த கிளானட்ங்கிற விஷுவல் நாவல்ல ஆஃப்டர் ஸ்டோரின்னு ஒரு பெரிய பகுதி இருக்கு, மத்த ரூட்களை எல்லாம் முடிச்சா தான் அது திறக்கும். அது கதைக்காக பூட்டினது, உள்ள முழுசா இருக்கு, சாவி நம்ம கையில இருக்கு. நான் சொல்றது உள்ள ஒன்னுமே இல்லாத கதவுக்கு பூட்டு போட்டு விக்கிறவங்களை பத்தி.

எர்லி ஆக்சஸ்னு வெளிப்படையா போட்டிருக்கறவங்க மேல எனக்கு இந்த கோவம் இல்ல. முடியலாம், முடியாமலும் போகலாம்னு முதல்லயே சொல்றாங்க. 2025ல இருந்து, ஒரு வருஷத்துக்கு மேல அப்டேட் வராத எர்லி ஆக்சஸ் கேமுக்கு ஸ்டீமே ஸ்டோர் பேஜ்ல எச்சரிக்கை காட்டுது, அதை பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஆனா முழு ரிலீஸ்னு போட்ட கேமுக்கு அந்த எச்சரிக்கை வராது. அங்க தான் நானும் மாட்டினேன்.

இன்னும் சிலது சுருக்கமா. 2023 அக்டோபர்ல லவ் இஸ் ஆல் அரவுண்ட்னு நிஜ நடிகர்களை வச்சு எடுத்த சீன வீடியோ கேம் பெரிய ஹிட் ஆச்சு, அதுக்கப்புறம் அதே மாதிரி வீடியோ டேட்டிங் கேம்கள் வரிசை கட்டி வந்துச்சு, அதுல தேர்ந்தெடுக்குற பதிலுக்கு மதிப்பு இருக்கான்னு பாத்து வாங்குங்க, டிரெய்லர் அழகா தான் இருக்கும். ஏஐ வச்சு பண்ண படமோ எழுத்தோ இருந்தா அதை ஸ்டோர் பேஜ்ல சொல்லணும்னு 2024 ஜனவரில இருந்து ஸ்டீம்ல விதி இருக்கு, பேஜோட கீழ் பகுதில இருக்கும், ரொமான்ஸ் கேம்ல எழுத்து தான் எல்லாம், அதனால கட்டாயம் படிங்க. வெளி சைட்ல கீ (ஸ்டீம்ல போட்டு கேமை திறக்குற கோடு) வாங்கினா ஸ்டீம் ரீஃபண்ட் கிடையாது. ஜிஓஜி (GOG)ங்கிற இன்னொரு ஆன்லைன் கடைல இருக்கிற கேமா இருந்தா அங்க வாங்குறது நல்லது, 30 நாள் வரைக்கும் விளையாடியிருந்தாலும் ரீஃபண்ட் கேட்கலாம், இந்த வகை கேமுக்கு அந்த விதி தான் நியாயமானது.

எதை நம்பி வாங்கலாம்னு கேட்டா, முதல்ல காசே குடுக்காம ஆரம்பிக்கலாம். அவர் லைஃப் (Our Life): பிகினிங்ஸ் அண்ட் ஆல்வேஸ், 2020ல வந்தது. மெயின் கேம் இலவசம், பக்கத்து வீட்டு பையன்கூட சின்ன வயசுல இருந்து வளர்ந்து பெரியவங்களாகுற கதை. அதுலயும் டிஎல்சி இருக்கு, ஆனா இலவசமா குடுத்ததே ஆரம்பமும் முடிவும் உள்ள முழு கதை, டிஎல்சி வாங்கினா கூடுதல் சம்பவங்களும் வேற ரெண்டு பேரை காதலிக்கிற வாய்ப்பும் வரும். டிஎல்சி விக்கிறது தப்பே இல்ல, இப்படி வித்தா சந்தோஷமா வாங்குவேன், வாங்கவும் செஞ்சேன். பட்டர்ஃப்ளை சூப், 2017, இட்ச் (itch.io)ங்கிற சைட்ல இருக்கு, விருப்பப்பட்டதை குடுத்தா போதும். பேஸ்பால் விளையாடுற நாலு பொண்ணுங்களோட கதை, ரொம்ப சிரிக்க வைக்கும், திடீர்னு தொண்டையை அடைக்கும்.

ஃப்ளோரன்ஸ் ஒரு மணி நேரம் கூட ஓடாது, 2018ல மொபைலுக்கு வந்து 2020ல பிசிக்கு வந்துச்சு. நீளம் பத்தலன்னு குறை சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது புரியவே மாட்டேங்குது. ரெண்டு பேர் முதல் தடவை பேசுறப்போ வசனத்தை பசில் மாதிரி துண்டு துண்டா சேர்க்கணும், பழக பழக துண்டு குறைஞ்சுட்டே வரும், பேச்சு சுலபமாகுதுன்னு ஒரு வார்த்தை இல்லாம காட்டியிருக்காங்க. சண்டை வந்தா துண்டெல்லாம் கூர்மையாகும். ஹேவன்ல காதலர்கள் ஏற்கனவே சேர்ந்துட்டாங்க, ரெண்டு பேரும் ஒரு கிரகத்துக்கு ஓடி வந்து குடித்தனம் நடத்துறாங்க, துரத்தி பிடிக்கிற கதையே பாத்து சலிச்சவங்களுக்கு அது. நண்பர்களோட உக்காந்து சிரிச்சு விளையாடணும்னா மான்ஸ்டர் ப்ராம், நாலு பேர் வரைக்கும் ஆடலாம். டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப் 2017ல வந்த இலவச கேம், பாக்க டேட்டிங் சிம், உள்ள மனசை உலுக்குற ஹாரர், ஆனா ஆரம்பத்துலயே எச்சரிக்கை போட்டு தான் உள்ள விடுறாங்க, மனசு சரியில்லாத நேரத்துல அதை தொடாதீங்க.

நான் ஏமாந்த அந்த கேம் இப்பவும் விக்குது, ஸ்டோர் பேஜ்ல இப்பவும் ஆறு பேர்னு தான் போட்டிருக்கு. என் ரிவியூவை மூணு ரூட் இல்லவே இல்ல, ஒன்னு பாதில நிக்குதுன்னு பேர் வாரியா எழுதி நெகட்டிவா போட்டிருக்கேன். நீங்களும் இப்படி எதுலயாவது மாட்டியிருந்தா காசு வரலன்னாலும் ரிவியூவை எழுதாம விடாதீங்க, "மோசம்"னு மட்டும் எழுதாம எந்த கேரக்டர் கதை எந்த அத்தியாயத்துல நிக்குதுன்னு எழுதுங்க, அடுத்து வாங்க வர்றவங்க தேடுறது அதைத்தான்.