சீக்கிரம் ஏத்துறதா, காத்திருக்க வைக்கிறதா?

பேஸ்பால்ல ஒரு பையன் மைனர் லீக்ல (கீழ்மட்ட லீக்) போட்டுத் தாக்குனாலே உடனே மேஜர் லீக்குக்கு, அதாவது உச்ச லீக்குக்கு ஏத்துங்கன்னு எல்லாரும் கத்துவோம், நானும்தான். ஆனா 2024 ஏப்ரல்ல பால்டிமோர் ஓரியோல்ஸ் ஜாக்சன் ஹாலிடேவை 20 வயசுல ஏத்துனாங்க, 2022 டிராஃப்ட்ல (டீம்கள் புதுப் பசங்களை வரிசையா எடுக்குறது) முதல் ஆளா எடுத்த பையன், பெரிய எதிர்பார்ப்பு. 10 மேட்ச், 34 அட்-பேட் (பேட்டிங் வாய்ப்பு), அதுல 2 தடவைதான் ஹிட் (அடிச்சு பேஸுக்குப் போனது), 18 தடவை ஸ்ட்ரைக்-அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்). பாக்கவே மனசு கேக்கல. திரும்ப டிரிப்பிள்-ஏவுக்கு (மைனர் லீக்ல மேல் படி) அனுப்பிட்டாங்க. ஜூலை 31 திரும்பி வந்தான், அன்னைக்கே கிராண்ட் ஸ்லாம், அதாவது மூணு பேஸ்லயும் ஆள் நிக்கும்போது ஹோம் ரன்!

கிறிஸ் பிரையன்ட் கதை நேர் எதிர். 2014ல மைனர்ல 43 ஹோம் ரன், 2015 ஸ்பிரிங் டிரெய்னிங்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டங்கள்) 9, அப்பவும் சிகாகோ கப்ஸ் கீழேயே வச்சு ஏப்ரல் 17 தான் கூப்பிட்டாங்க. அந்த லேட்டால அவருக்கு சர்வீஸ் (மேஜர்ல இருந்த நாள் கணக்கு) 171 நாள், ஒரு முழு வருஷத்துக்கு 172 வேணும், அந்த ஒரு நாளால ஃப்ரீ ஏஜென்சி (எந்த டீம்கூட வேணாலும் ஒப்பந்தம் பேசுற உரிமை) ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அந்த வருஷமே ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்), அடுத்த வருஷம் எம்விபி (லீக்கோட மதிப்புமிக்க வீரர்).

என்னைக் கேட்டா காத்திருக்குறது நல்லதுதான், ஆனா பையன் நல்ல பிட்சிங்குக்கு (பந்துவீச்சு) எதிரா, அடிக்கக் கூடாத பந்தை பேட்டை வீசாம விடக் கத்துக்கணும்னு காத்திருக்கணும், காசுக் கணக்குக்காக வச்சிருந்தா அது அநியாயம்.