வாரந்தோறும் பாடமா, இடைவெளி விட்டா? கோல்ஃப், யோகா கற்பதில் ஓர் ஒப்பீடு

கோல்ஃபில் முன்னேற நல்ல ஆசிரியர் வேண்டும், தவறாத பயிற்சியும் வேண்டும். யோகாவுக்கும் அதே. இதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் கையிலிருக்கும் நேரத்தில் எவ்வளவை ஆசிரியர் முன்னால் செலவிடுவது, எவ்வளவைத் தனியாகச் செலவிடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் இரண்டையும் கற்றுவருகிறேன். இரண்டிலும் வாராந்திரப் பாடத்தில் தொடங்கி, இப்போது மாதம் ஒரு தனிப்பாடம், நடுவில் தினமும் கொஞ்சம் சொந்தப் பயிற்சி என்ற முறைக்கு வந்திருக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடியோ மட்டும் பார்த்துக் கற்கும் மூன்றாவது வழியும் உண்டு. அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீடியோவில் இருப்பவரை நாம் பார்க்கிறோம், அவர் நம்மைப் பார்ப்பதில்லை. முழங்கையை மடித்து உடலைத் தரைக்கு இணையாகத் தாங்கும் சதுரங்க தண்டாசனத்தில் தோள் முழங்கைக்குக் கீழே இறங்கிவிட்டதா என்பது தரையைப் பார்த்தபடி இருப்பவருக்குத் தெரியாது. முன்னால் குனியும்போது இடுப்பிலிருந்து மடிகிறோமா, முதுகைக் கூன்போட்டுக் கையைக் காலுக்கு எட்டவைக்கிறோமா என்பதும் அப்படியே. ஆசிரியர் ஏற்கெனவே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ள வீடியோ நல்லது. அதற்கு மேல் அதை நம்ப மாட்டேன்.

கோல்ஃபில் இது இன்னும் சிக்கல். பந்தை அடிக்கும் மட்டையான கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். மேலிருந்து கிளப் கீழே வருவதும் கால் நொடி அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குள் என்ன செய்தோம் என்று நமக்குத் தோன்றுவதும், உண்மையில் செய்ததும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. புதியவர்களைப் படுத்தும் ஸ்லைஸையே எடுத்துக்கொள்வோம். வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது. அவர் என்ன செய்வார்? இன்னும் இடப்பக்கம் பார்த்து நின்று, இடப்பக்கமாக வீசுவார். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு. அது எந்தப் பக்கம் வளையும் என்பதோ, கிளப் வரும் பாதைக்கும் அதன் முகத்துக்கும் உள்ள கோணத்தைப் பொறுத்தது. முகம் இருந்தபடியே இருக்க, பாதையை மட்டும் இடப்பக்கம் தள்ளினால் அந்தக் கோணம் கூடும், பந்து இன்னும் அதிகமாக வளையும். அதைப் பார்த்து அவர் இன்னும் இடப்பக்கம் திரும்புவார். இப்படித் தனியாக வாளி வாளியாகப் பந்து அடிப்பவர் உழைக்கும் அளவுக்குத் தவறும் ஊறிப்போகிறது. எனவே ஆசிரியர் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாரந்தோறும் பாடம் வைத்துக்கொள்வதில் வெளிப்படையான நன்மைகள் உண்டு. நாளும் நேரமும் குறித்துவிடுவதால் தவறாமல் போய்விடுவோம். கிரிப் (கிளப்பைப் பிடிக்கும் விதம்), நிற்கும் நிலை, ஆசனத்துக்கு ஆசனம் மூச்சின் ஒழுங்கு என எல்லாமே புதிதாக இருக்கும் தொடக்கக் காலத்தில் அடிக்கடி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். யோகா வகுப்பில் பலரோடு சேர்ந்து செய்யும்போது, தனியாக இருந்தால் கலைத்துவிடும் ஆசனத்தைக்கூட இன்னும் சில மூச்சு நேரம் தாங்கிப்பிடிப்போம். இதெல்லாம் தெரிந்ததுதான்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு திருத்தம் உடம்பில் படிவதற்கு முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. இந்த வாரம் ஆசிரியர் கிரிப்பைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறார். புதுப் பிடி கைக்கு ஒட்டவில்லை, பந்து இப்போது இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்த வாரம் அந்தப் பந்தைப் பார்த்துவிட்டு இடுப்பைத் திருப்புவது பற்றிச் சொல்கிறார். அதற்கடுத்த வாரம் பந்தை எங்கே வைப்பது என்பது. மூன்றுமே சரியான அறிவுரைகளாக இருக்கலாம். ஆனால் பந்தின் முன் நிற்பவர் மனதில் மூன்றும் ஒன்றாக ஓடும். கால் நொடிக்குள் முடியும் அசைவில் அவற்றுக்கு இடம் ஏது? யோகா வகுப்பிலும் இதே கதைதான். ஒவ்வொரு வாரமும் புதுத் தொடர், புது ஆசனம் என்று சுவாரசியமாகப் போகும். போன வாரம் திரிகோணாசனத்தில் (காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாய்ந்து கையைக் கீழே கொண்டுபோகும் ஆசனம்) சொன்ன திருத்தத்தைத் திரும்பச் செய்துபார்க்க அந்த ஆசனமே இந்த வாரம் வராது.

இரண்டு பாடங்களுக்கு நடுவே உள்ள நாட்களில் என்ன நடக்கிறது என்பதை வைத்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற வசதி, அசௌகரியங்களை எல்லாம் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் முன்னால் நடப்பது கண்டுபிடிப்பு; கற்றல் அதற்குப் பிறகு, யாரும் பார்க்காத நாட்களில் நடக்கிறது. அந்த நாட்கள் போதாவிட்டால் எவ்வளவு நல்ல ஆசிரியரும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கிலாந்து கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோவை நினைத்துப் பாருங்கள். 1980களின் நடுவில் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய்த் தன் ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் முறையை, அடியோடு மாற்றிக்கொண்டார். அப்போதே அவர் ஐரோப்பாவின் முன்னணி ஆட்டக்காரர். மாற்றம் நிலைபெற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன, நடுவில் ஆட்டம் சரிந்தது. பிறகு 1987இல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றபோது, கடைசிச் சுற்றின் 18 குழிகளையும் பாரில் (குழிக்குக் குறித்த அடிகளின் எண்ணிக்கையில்) முடித்தார். கோல்ஃபே வாழ்க்கையாக இருந்தவருக்கு அவ்வளவு காலம் ஆனது. வேலை முடித்துவிட்டு ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் திடலுக்கு) போகும் ஒருவருக்கு ஒரு கிரிப் மாற்றம் ஏழு நாளில் கைக்குப் பழகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆய்வுகளிலும் இதற்கு ஆதரவு இருக்கிறது. உடலசைவுக் கற்றலை ஆராய்ந்த கரோலி வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் 1990இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு நெம்புகோலைக் குறிப்பிட்ட விதத்தில் அசைக்கப் பழக்கினார்கள். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் சரியா தப்பா என்று சொல்லப்பட்டவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டவர்கள் மறுநாள் உதவியில்லாமல் செய்தபோது நன்றாகச் செய்தார்கள். எப்போதும் யாராவது சொல்லிக்கொண்டே இருந்தால் நாமே கவனித்துத் திருத்திக்கொள்ளும் திறன் வளர்வதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆய்வுக்கூடத்து நெம்புகோலுக்கும் முழு ஸ்விங்குக்கும் தூரம் அதிகம், வாரக் கணக்கிலான பாடங்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் திசை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

யோகாவில் இந்த எண்ணம் மரபுக்குள்ளேயே இருக்கிறது. யோகா ஆசிரியர் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த மைசூர் முறையில் எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்தாலும் அவரவர் தங்கள் தொடரைத் தங்கள் மூச்சின் வேகத்தில் செய்வார்கள். ஆசிரியர் சுற்றிவந்து தேவையானவரை மட்டும் திருத்துவார். இப்போதைய ஆசனம் கைவந்த பிறகுதான் அடுத்ததைக் கொடுப்பார். ஜோயிஸின் குருவான கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் இன்னும் ஒரு படி போனார். ஒருவரைத் தனியாகப் பார்த்து, அவர் உடம்புக்கும் வயதுக்கும் நேரத்துக்கும் ஏற்ற ஒரு தொடரை அமைத்துக்கொடுப்பது, அவர் அதை வீட்டில் செய்துவிட்டுத் திரும்ப வரும்போது தேவைப்பட்டால் மாற்றுவது என்பதுதான் அவர் வழி. பதஞ்சலி சூத்திரம் பயிற்சி உறுதிப்பட மூன்றைக் கேட்கிறது: நெடுங்காலம், இடைவிடாமை, மதிப்போடு கூடிய ஈடுபாடு. மூன்றுமே மாணவர் கையில் இருப்பவை.

இந்த முறை வேலை செய்ய வேண்டுமானால் பாடம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு பாடத்தில் பத்துத் திருத்தங்கள் வாங்கிவந்தால் அது வாராந்திரப் பாடத்தைவிட மோசம். நான் தேடுவது, முதலில் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, ஒன்றை மட்டும் சொல்பவரை. அந்த ஒன்றை ஏன் முதலில் எடுத்தார் என்று கேட்டால் அவரால் விளக்க முடிய வேண்டும். எடுத்துக்காட்டாக, கிளப்பின் முகம் வலப்பக்கம் திறந்திருக்கும்வரை அதன் பாதையைத் தொடமாட்டேன் என்று சொல்லும் கோல்ஃப் ஆசிரியரை நம்பலாம். யோகாவில், கை தரையைத் தொடவில்லையே என்று உடலை அழுத்தாமல், திரிகோணாசனத்தில் கைக்குக் கீழே ஒரு கட்டையை வைத்துவிட்டு நெஞ்சைத் திறக்கச் சொல்பவரை நம்பலாம். அப்படிக் கட்டை, பெல்ட் எல்லாம் வைத்து ஆசனத்தை உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் வழக்கம் பரவியதில் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்காருக்குப் பெரும் பங்குண்டு. கடைசியாக ஒரு கேள்வி: அடுத்த முறை பார்க்கும்வரை நான் தினமும் என்ன செய்ய வேண்டும்? இதற்குத் தெளிவான பதில் தராதவரிடம் இடைவெளி விட்ட பாடம் எடுத்துப் பயனில்லை.

தினசரிப் பயிற்சி நீளமாக இருக்க வேண்டியதில்லை. கோல்ஃபில் புதுக் கிரிப்பை வீட்டிலேயே பிடித்துப் பிடித்து விடலாம். கண்ணாடி முன்னால் பந்தில்லாமல் மெதுவாக ஸ்விங் செய்யலாம். பந்து இல்லாதபோது உடம்பு பழையபடி ஓடுவதில்லை, அதனால் மாற்றம் சுலபமாக ஏறுகிறது. பட்டரைவிட (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்) சற்றே அகலமான இடைவெளியில் இரண்டு டீக்களை (பந்தை வைக்கும் சிறு ஆணிகள்) நட்டு அவற்றுக்கு நடுவே அடித்துப் பழகுவது தரைவிரிப்பிலும் வேறு ஏதாவது இரண்டு பொருளை வைத்துச் செய்யக்கூடியது. ரேஞ்சுக்குப் போகும்போது முதல் கொஞ்சம் பந்துகளைத் திருத்தத்துக்கு ஒதுக்கிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பையும் குறியையும் மாற்றுவேன். ஒரே கிளப்பால் தொடர்ந்து அடித்தால் அன்றைக்கு நன்றாக வருகிறது, மைதானத்தில் காணாமல் போகிறது. மாற்றி மாற்றிச் செய்யும் பயிற்சி அந்த நேரத்தில் தடுமாற்றமாகத் தெரிந்தாலும் பிறகு நன்றாக நினைவில் நிற்கிறது என்பதை ஆய்வாளர்கள் ஷியாவும் மோர்கனும் 1979லேயே ஒரு கையசைவுப் பணியில் காட்டியிருக்கிறார்கள்.

யோகாவில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறேன். தினமும் அதே குறுகிய தொடர். ஆசனங்கள் மாறாமல் இருக்கும்போது உடம்பில் மாறுவது என்ன என்று கவனிக்க முடிகிறது: நேற்று இறுகியிருந்த பின்தொடை, இன்று சீக்கிரம் திணறும் மூச்சு. நேரம் குறைவான நாளில் ஆசனங்களைக் குறைப்பேனே தவிர, அவசரப்படுத்த மாட்டேன். சவாசனத்தை விடவும் மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. கோல்ஃபில் பந்து ஒரு சாட்சி. ஆசிரியர் இல்லாத நாளிலும் அது எங்கே புறப்பட்டு எந்தப் பக்கம் வளைந்தது என்பதைப் பார்த்து நிலவரம் தெரிந்துகொள்ளலாம். யோகாவில் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. தவறான நிலைகூடச் சுகமாகவே இருக்கும், வலி வரும்வரை. அதனால் ஒரே மாத இடைவெளி என்றாலும் யோகாவில் நடுவில் ஒருமுறை பக்கவாட்டிலிருந்து எடுத்த சிறு வீடியோவை ஆசிரியருக்கு அனுப்பிவிடுவது நல்லது. கோல்ஃப் ஸ்விங்கையும் எடுத்து அனுப்பலாம், ஆனால் கேமரா கை உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கிளப்பின் பாதை இல்லாததை இருப்பதாகக் காட்டும். பந்தின் வேகம், திசை போன்றவற்றை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவியை வைத்துப் பாடம் எடுப்பதில் எனக்கு அனுபவம் குறைவு. எண்கள் உதவுகின்றன என்பது தெரிகிறது, ஆனால் அவற்றைத் துரத்தத் தொடங்கினால் திருத்தம் ஒன்றிலிருந்து கவனம் சிதறும் ஆபத்தும் தெரிகிறது. உறுதியாக எதையும் சொல்ல மாட்டேன்.

வாராந்திரப் பாடமே சரி என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. முற்றிலும் புதியவர்கள் முதல் சில மாதங்களுக்கு இடைவெளியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதுகு, தோள், முழங்கால் காயத்திலிருந்து மீள்பவர்களும் அப்படியே. சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கற்கக் கூடாது. கழுத்தில் எடை இறங்கும் ஆபத்து இருக்கிறது, கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்க்கவே வேண்டும். அப்புறம், தனியாகப் பாய் விரிக்க மனம் வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு, மாதம் ஒரு தனிப்பாடத்தைவிட நிச்சயம் மேல். குழந்தைகளுக்கு எது நல்லது என்பதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை.

மாதம் என்பதும் கல்வெட்டில் பொறித்த கணக்கில்லை. போன பாடத்துத் திருத்தம் நினைக்காமலே வரத் தொடங்கினால் அடுத்த பாடத்துக்கு நாள் குறிக்கிறேன். முயன்றும் வராமல் பந்து மோசமாகிக்கொண்டே போனாலோ, ஏதாவது ஆசனத்தில் மூட்டு வலித்தாலோ காத்திருக்காமல் முன்னதாகவே போய்விடுகிறேன். போகும்போது அந்த நாட்களில் என்ன செய்தேன், எங்கே நின்றுபோனேன் என்ற குறிப்பை எடுத்துப்போவேன். பாடத்தின் பாதி நேரம் நிலவரம் கண்டுபிடிப்பதில் கரையாமல் இருக்க அது உதவுகிறது.