யாருக்கு எங்கே படுக்கை விரிப்பது?

கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் இரண்டு நாள் ஒரே வீட்டில் தங்கினோம். இரவுக்குப் படம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய நண்பர்கள் வார இறுதிக்கு ஒன்றுகூடும் இரண்டு அமெரிக்கப் படங்கள் கையில் இருந்தன: லாரன்ஸ் காஸ்டனின் 'தி பிக் சில்' (1983), ஜான் சேல்ஸின் 'ரிட்டர்ன் ஆஃப் தி செகாகஸ் செவன்' (1980). அதிகம் பேர் அறியாத இரண்டாவதைத்தான் போட்டேன்.

நட்சத்திரங்கள், பாட்டு, பளபளப்பு என்று பார்த்தால் போட்டியே இல்லை, 'பிக் சில்'தான். சாப்பிட்ட இடத்தை ஒழித்துக்கொண்டே எல்லோரும் ஆடும் காட்சிக்காகவே பார்க்கலாம். சேல்ஸின் படமோ சுமார் 60,000 டாலரில், 16 மி.மீ. பிலிமில் எடுத்தது. நடித்தவர்களில் பலர் நியூ ஹாம்ப்ஷயரின் கோடைகால நாடக மேடையில் அவரோடு இருந்தவர்கள். தொடக்கத்தில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் முடிவுக்குக் காரணம் ஒன்றுதான். ராத்திரி ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் மறுநாள் காலை ஒருவர் முகத்தில் ஒருவர் எப்படி விழிக்கிறார்கள்? 'பிக் சில்'லில் கூட்டத்தில் ஒருத்தியான மெக்குக்குக் குழந்தை வேண்டும். சாரா தன் கணவன் ஹெரால்டையே அவளிடம் அனுப்புகிறாள். இறந்துபோன நண்பன் அலெக்ஸோடு சாராவுக்கு இருந்த பழைய உறவு இதற்குப் பின்னணி, சரி. ஆனாலும் விடிந்ததும் அவள் நெஞ்சில் ஒரு முள்கூடத் தைக்காதது எனக்கு ஒட்டவில்லை. ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்; மறுபடி பார்த்தால் மனம் மாறலாம்.

சேல்ஸின் படத்தில் மைக்கும் கேட்டியும் வருகிறவர்களில் யாரை எங்கே படுக்க வைப்பது என்று யோசிக்கிறார்கள். அந்தக் கணக்கு உடனே தப்பாகிறது. ஜெஃப்பை விட்டுப் பிரிந்த மாரா தனியாக வருகிறாள், ஜே.டி.யோடு இரவைக் கழிக்கிறாள். ஜே.டி. ஜெஃப்புக்கும் நண்பன். அப்புறம் ஜெஃப்பே வந்து நிற்கிறான். இனி மூவரும் ஒரே வீட்டுக்குள் நடமாட வேண்டும், ஒரே கூட்டத்தில் பேசிச் சிரிக்க வேண்டும். கடைசியில் ஜெஃப் தனியாக விறகு பிளக்கிறான். கோடரி ஓங்கி இறங்குகிறது, நிற்காமல் இறங்குகிறது. அத்தனை விறகு அந்த வீட்டில் யாருக்கும் தேவையில்லை.

இன்னொருவன் சிப், ஐரீனின் புதுக் காதலன். மற்றவர்களுக்கு மனப்பாடமான பழைய கதைகளுக்கு நடுவில், யார் யாரோடு எப்போது இருந்தார்கள் என்று மெல்லப் புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். எங்கள் கூட்டத்துக்கு அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த நண்பனின் மனைவி, சிப் திரையில் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.