9 மி.மீ. பாரபெல்லமும் .45 ஏ.சி.பி.யும்: சிறிய தோட்டா நிலைத்தது எப்படி?

ஒரு 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவையும் ஒரு .45 ஏ.சி.பி. தோட்டாவையும் உள்ளங்கையில் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் போட்டியே இல்லை என்றுதான் தோன்றும். முதலாவது மெலிந்து, சுமார் 12 கிராம் எடையோடு இருக்கும். இரண்டாவது தடித்து, ஏறத்தாழ 21 கிராம் கனக்கும். (தோட்டா என்பது உறை, அதற்குள் வெடிமருந்து, முனையில் பாய்ந்து செல்லும் குண்டு ஆகியவை சேர்ந்தது; 9 மி.மீ., .45 அங்குலம் என்பவை குண்டின் விட்டத்தைக் குறிப்பவை; ஏ.சி.பி. என்பது ‘ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்’ என்பதன் சுருக்கம்.) ஆயினும் கைத்துப்பாக்கிக்கென்று உலகின் பெரும்பாலான இராணுவங்களும் காவல்படைகளும் இன்று தேர்ந்தெடுப்பது மெலிந்ததைத்தான். அது வலிமையால் வென்றது என்று சொல்வது பிழை; அளவால் வென்றது என்பதே என் கருத்து.

ஜெர்மனியின் டி.டபிள்யூ.எம். ஆயுத நிறுவனத்தில் பணியாற்றிய கியோர்க் லூகர், தம் துப்பாக்கிக்கு முதலில் பயன்பட்ட 7.65 மி.மீ. தோட்டாவின் உறை, கழுத்துப் பகுதியில் குறுகியிருந்ததை விரித்து, அதில் பெரிய 9 மி.மீ. குண்டைப் பொருத்தினார். 1902 வாக்கில் உருப்பெற்ற இந்தத் தோட்டாவை ஜெர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றுக்கொண்டன. ‘அமைதியை விரும்பினால் போருக்கு ஆயத்தமாகு’ என்னும் பொருளுடைய லத்தீன் முதுமொழியின் இறுதிச் சொற்களே ‘பாரபெல்லம்’ என்னும் பெயராயின.

.45இன் பிறப்புக்குப் பின்னால் ஒரு போர்க்களக் கசப்பு இருந்தது. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளோடு மோதிய அமெரிக்க வீரர்கள், தங்கள் .38 சுழல்துப்பாக்கிகளால் எதிரியைத் தடுத்து நிறுத்த முடியவில்லை என்று முறையிட்டனர். அதன் விளைவாக 1904இல் தாம்சன், லகார்டு என்னும் இரு அதிகாரிகள் கால்நடைகளையும் சடலங்களையும் சுட்டுப் பார்த்து, இராணுவக் கைத்துப்பாக்கியின் குண்டு .45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தனர். மிகச் சில முறைகளே சுட்டு, சீரான அளவுகோல் இன்றி நடத்தப்பட்ட அந்தச் சோதனைக்கு இவ்வளவு நீண்ட செல்வாக்கு வாய்த்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த தோட்டாவும் துப்பாக்கியும் 1911இல் அமெரிக்க இராணுவத்தில் நுழைந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன.

ஏட்டுக் கணக்கில் இவ்விரண்டும் எதிர்பாராத அளவுக்கு நெருங்கி வருகின்றன. வழக்கமான 9 மி.மீ. குண்டு 8 கிராம் எடையுடன் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் பாய்கிறது; .45இன் குண்டு 15 கிராம் எடையுடன் 255 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இரண்டின் ஆற்றலும் 490 ஜூல் என்னும் அளவை ஒட்டியே அமைகிறது. ஆனால் அந்த ஆற்றலை எட்டும் வழி வேறு: 9 மி.மீ. உறைக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை செல்ல அனுமதிக்கப்படுகிறது; .45க்கு 21,000 பவுண்டே வரம்பு. குண்டின் உந்தமோ .45இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் என்பதால், சுடுபவர் கையில் விழும் பின்னுதைப்பும் அதற்கேற்பக் கூடுகிறது. இரண்டாவது முறை குறி வைக்க அதிக நேரம் பிடிக்கிறது.

இட வசதியிலோ இடைவெளி இன்னும் பெரிது. 1911 துப்பாக்கியின் மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக்கூட்டில்) 7 தோட்டாக்கள் அடங்கின; 1935இல் வந்த பிரவுனிங் ஹைபவரில், தோட்டாக்களை இரு வரிசையாக அடுக்கியதால், 13 அடங்கின; 1982இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்ற கிளாக் 17இல் அது 17 ஆயிற்று. .45ஐயும் இரு வரிசையில் அடுக்கலாம்தான். ஆனால் கைப்பிடி தடித்து, சிறிய கை உடையவரின் விரல் விசையை எட்டத் திணறும். ஸ்டென், எம்.பி. 40 போன்ற துணை இயந்திரத் துப்பாக்கிகளும் இதே 9 மி.மீ. தோட்டாவை உண்டதால், இரண்டாம் உலகப் போரின் முடிவுக்குள் இது ஐரோப்பாவெங்கும் ஊன்றிவிட்டது. நேட்டோவின் பொதுத் தோட்டாவாகவும் ஆகிவிட்ட பிறகு, 1985இல் அமெரிக்க இராணுவமே இத்தாலிய பெரெட்டா நிறுவனத்தின் கைத்துப்பாக்கி வழியாக 9 மி.மீ.க்கு மாறியது.

அதற்கு அடுத்த ஆண்டே இந்தத் தோட்டாவின் பெயர் கெட்டது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில், ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டான், எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் உயிரிழந்தனர். எஃப்.பி.ஐ. முதலில் 10 மி.மீ.யை நாடியது, அதன் உதைப்பு மிகையாக இருந்ததால் வெடிமருந்தைக் குறைத்தது, குறைந்த வெடிமருந்துக்கு நீண்ட உறை எதற்கு என்று உறையைக் குறுக்கியபோது 1990இல் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டா பிறந்தது. காவல்துறைகளில் அது வேகமாகப் பரவினாலும், என் மதிப்பில் அது ஒரு சமரசமே: .45இன் அகலமும் இல்லை, 9 மி.மீ.யின் மென்மையும் இல்லை.

மயாமியின் பெரும்பயன் வேறொன்று. உடற்சதைக்கு மாற்றாகச் சோதனையில் வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்னும் அளவுகோலை எஃப்.பி.ஐ. வகுத்தது, உற்பத்தியாளர்கள் அதற்கேற்ப, ஆழமாகச் சென்றும் சீராக விரியும் குண்டுகளைச் செய்தார்கள். 9 மி.மீ.யின் குறை குண்டின் அமைப்பில் இருந்ததால் அதைத் திருத்த முடிந்தது; .45இன் குறை அதன் பருமனிலேயே இருந்ததால் திருத்த வழியில்லை. 2014இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவின் அறிக்கை, புதிய குண்டுகளில் அளவு வேறுபாடு பெரிதாகப் பயனளிக்கவில்லை என்றும், பெரும்பாலோர் 9 மி.மீ.யால் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்றும் கூறியது. அந்த அமைப்பு மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்பியது. 2017இல் அமெரிக்க இராணுவம் புதிய துப்பாக்கியைத் தேர்ந்தபோதும் தோட்டாவை மாற்றவில்லை.

.45 இன்னும் முந்தி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதன் குண்டு இயல்பாகவே ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்வதால், ஒலியடக்கி பொருத்திய துப்பாக்கியில் குண்டு காற்றைக் கிழிக்கும் வெடிப்போசை எழுவதில்லை. 9 மி.மீ.யில் அதே அமைதி வேண்டுமானால் கனமான குண்டைப் பொருத்தி, வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.