வெனிஸ் முகமூடி வண்ணக் கம்பளி நூல் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

வெனிஸ் கார்னிவல் (இத்தாலியின் வெனிஸ் நகரில் முகமூடி அணிந்து கொண்டாடும் திருவிழா) வண்ணங்கள் என்று சொல்லி, கையால் சாயம் ஏற்றிய கம்பளி நூலை ஐந்து சிட்டங்கள், அதாவது ஐந்து நூல் கட்டுகள், கொண்ட செட்டாக ஆன்லைனில் விற்கிறார்கள். படத்தில் நூலுக்குப் பின்னால் முகமூடி, இறகு, ஜரிகை எல்லாம் இருக்கும். அதை வாங்கி ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரைப் பொதுவில் போடப் போவதில்லை. ஆனால் என்ன நடந்தது என்று பின்னல் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அக்கா மகள் இத்தாலியில் பதுவாவில் படிக்கிறாள். பிப்ரவரியில் கார்னிவல் பார்க்க வெனிஸ் போகிறாள் என்றதும் அவளுக்கு ஒரு சால்வை பின்ன ஆசைப்பட்டேன். அந்த ஊர் வேஷங்களில் எனக்குப் பிடித்தது பவுத்தா. வெள்ளை முகமூடி, கீழ்ப்பகுதி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், கழற்றாமலே சாப்பிடலாம், குடிக்கலாம். அதற்கு மேல் முக்கோணத் தொப்பி, தோளிலிருந்து தபாரோ என்கிற கருப்பு அங்கி. அந்த வெள்ளையும் கருப்பும் ஒட்டி நிற்பதில்தான் அதன் அழகே இருக்கிறது. செட்டில் 'பவுத்தா வெள்ளை', 'மொரெத்தா கருப்பு' என்று இரண்டு சிட்டங்கள், கூடவே தங்கம், கருஞ்சிவப்பு, காயல் பச்சை. மொரெத்தா என்பது பெண்கள் அணிந்த கருப்பு வெல்வெட் முகமூடி. கட்டுவதற்கு நாடா கிடையாது, உட்புறப் பொத்தானைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர் வைத்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் வாங்கத்தான் தோன்றும்.

பார்சலைப் பிரித்ததும் வினிகர் வாடை. தொட்டால் லேசான ஈரம். ஒவ்வொரு சிட்டமும் 100 கிராம், 400 மீட்டர் என்று லேபிள் சொன்னது, தராசும் 100 காட்டியது. நன்றாக உலர்த்தி மறுபடி நிறுத்தால் 88 கிராம்தான். கம்பளி நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டும் ஏறக்குறைய காய்ந்த மாதிரியே இருக்கும். நூல் விலைக்குத் தண்ணீரை வாங்கியிருக்கிறேன்.

அதைவிட மோசம் சாயம். பின்னும்போதே விரல் நுனியிலும் மூங்கில் ஊசியிலும் கருநீலம் ஒட்டியது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "கருப்புன்னா அப்படித்தான் மேடம், முதல் அலசல்ல போயிடும்" என்றார். சால்வையை முடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தேன். தண்ணீர் மை ஆகிவிட்டது. வெள்ளை வரிகளில் கண்ணிக்குக் கண்ணி ஊதாச் சாம்பல் ஏறியது. ஓரங்களில் கருஞ்சிவப்பு கசிந்து ரோஜா நிறத் திட்டுகள். எத்தனை முறை அலசியும் வெள்ளை திரும்பவில்லை.

கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். "ஹேண்ட்-டைடு (கையால் சாயம் ஏற்றியது) என்றால் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்" என்று பதில். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு சிட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் நிறம் சற்று மாறினால் அது கைவேலையின் இயல்பு, அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம். சாயம் போவது வேறு. கம்பளிக்குப் போடும் ஆசிட் சாயம் பிடிக்கப் புளிப்பும் சூடும் இரண்டும் வேண்டும். வினிகரோ சிட்ரிக் ஆசிடோ போட்டு, ஏறக்குறைய 85 டிகிரியில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். சாயம் முழுக்க நூலில் ஏறினால் பாத்திரத்துத் தண்ணீர் தெளிந்துவிடும். கருப்புக்கும் அடர் சிவப்புக்கும் சாயம் நிறையச் செல்வதால் கொஞ்சம் மிஞ்சும், அதை அலசி எடுத்துவிட்டு விற்பதுதான் வேலை. அப்படியும் லேசாகக் கசியலாம் என்றால் நல்ல கடைக்காரர்கள் முன்கூட்டியே லேபிளில் எழுதிவிடுவார்கள். இவரோ கடைசியில், "பச்சைத் தண்ணியில வினிகர் விட்டு ஊற வைங்க" என்றார். சூடு இல்லாமல் வினிகர் மட்டும் ஒன்றும் செய்யாது. சாயத் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா?

அந்த விற்பனைப் பக்கத்தில் 'நூற்றாண்டுகளாக இடைவிடாமல் நடக்கும் திருவிழா' என்றும் போட்டிருந்தது. 1797ல் வெனிஸ் குடியரசு விழுந்த பிறகு கார்னிவல் நின்றுபோய், 1979ல்தான் முறையாக மறுபடி தொடங்கியது. அந்த ஊர் முகமூடிக் கலைஞர்களுக்கு 1436லேயே தனித் தொழில் விதிகள் இருந்தன. அவர்கள் பெயரைச் சொல்லி விற்கிறவர் குறைந்தபட்சம் நூலையாவது ஒழுங்காக அலசியிருக்கலாம்.

இந்த மாதிரி செட் வாங்கினால், பின்னத் தொடங்குவதற்கு முன் ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை அடர் நிறச் சிட்டத்தின் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அப்போதே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். எடையை உலர்த்திய பிறகு பாருங்கள். லேபிளில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்குக் கொடுக்கும் எண்) இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு வந்ததில் இல்லை.

பணம் திரும்ப வரவில்லை, அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றார். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இதற்கிடையில் அதே ஐந்து சிட்டங்கள், அதே முகமூடிப் படம், வேறொரு கடைப் பெயரில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. படத்தில் இடது ஓரத்து வெள்ளை முகமூடியின் நெற்றியில் ஒரு தங்கக் கீறல் இருக்கும். அதைப் பார்த்தால் வாங்காதீர்கள்.